ஜக்கார்டு பெட்டி முதல் ரயில் பெட்டி வரை: அமுக்கு ஸ்பிரிங்குக்கு எந்த முனை?

காஞ்சிபுரத்தில் பட்டுத்தறிக்கு மேலே ஏற்றி வைத்திருக்கும் ஜக்கார்டு பெட்டியின் பின்புறத்தில், சேலையின் பூவையும் கரையையும் காக்கும் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு மெல்லிய ஸ்பிரிங். துளையில்லாத அட்டை ஊசியைப் பின்னுக்குத் தள்ளும்போது அது அமுங்குகிறது. அட்டை விலகியதும் ஊசியைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடுகிறது. அதே மாவட்டத்தின் ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் மோட்டார் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே பூட்டப்படும் எஞ்சின் வால்வுகளை மூடுபவையும் காரை முன் சக்கரங்களின்மேல் தாங்குபவையும் இதே இனத்து ஸ்பிரிங்குகள்தான். காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டுக்கும் அரக்கோணத்துக்கும் இடையே ஓடும் ரயிலின் அடியில், இதே உருவம் பெருவிரலைவிடத் தடித்த கம்பியில் நிற்கிறது.

மூன்றும் அமுக்கு ஸ்பிரிங்குகள். அமுக்கினால் குறுகும், விட்டால் நீளும். ஆனால் மூன்றின் முனைகளும் ஒன்றல்ல, ஒன்றாக இருக்கவும் கூடாது. பழைய ஸ்பிரிங் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் கம்பியின் கனம், வெளி விட்டம், நீளம், எத்தனை சுற்று என்று நான்கைச் சொல்லுவார். முனை எப்படி முடிய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சொல்லமாட்டார். செய்து தருபவர் தம் வழக்கப்படி ஏதோ ஒன்றைச் செய்து கொடுத்துவிடுவார். நான்கு அளவும் சரியாக இருந்தும் ஸ்பிரிங் சாய்வதும், விறைப்பதும், ஓரத்தில் உடைவதும் இதனால் நேர்கிறது. முனை என்பது ஸ்பிரிங்கைச் சுற்றி முடித்த பிறகு போடும் மெருகு இல்லை. எத்தனை சுற்று வேலை செய்யும், சுமை எங்கே இறங்கும், எவ்வளவு நீளம் வரை நேராக நிற்கும் என்ற மூன்றையும் அதுவே தீர்மானிக்கிறது. ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது அதைத்தான் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

நான்கு அடிப்படை முனைகள்

பொறியியல் பாடநூல்கள் அமுக்கு ஸ்பிரிங்கின் முனைகளை நான்காகப் பிரிக்கின்றன. முதலாவது, திறந்த முனை. உடம்பு முழுவதும் எந்த இடைவெளியில் சுற்று ஓடுகிறதோ, அதே இடைவெளியில் ஓடி, வெட்டிய இடத்தில் அப்படியே முடியும். நீளமான ஒரு சுருளைச் சுற்றி வைத்து, வேண்டிய அளவில் நறுக்கினால் கிடைப்பது இதுதான். செய்வதற்கு மிக மலிவு.

இரண்டாவது, திறந்து சாணை பிடித்த முனை. நறுக்கிய பிறகு முனையைச் சாணையில் தேய்த்து மட்டமாக்குவார்கள். கடைசிச் சுற்று முன்னதன் மேல் படியாது. ஆனால் அடிப்பகுதி தட்டையாகிவிடும். தேய்க்கும் செலவு உண்டு, மூடிய முனையின் உறுதி கிடையாது. அதனால் பட்டறைகளில் இதை அரிதாகவே காண்கிறோம்.

மூன்றாவது, மூடிய முனை. கடைசிச் சுற்றில் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்து, அது முந்தைய சுற்றைத் தொடும்படி படிய வைப்பார்கள். பொத்தானை அமுக்கி எழுதும் பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்கை எடுத்துப் பார்த்தால், இரு முனையிலும் சுற்றுகள் நெருங்கிக் கிடப்பது தெரியும். அது இந்த இனம். சாணை கிடையாது, கம்பியின் வெட்டு நுனி மட்டும் சற்று மேடாக நிற்கும்.

நான்காவது, மூடிச் சாணை பிடித்த முனை. சுற்றைப் படிய வைத்து, அதன்மேல் சாணை கொடுத்து, தட்டையான தளம் ஒன்றை உண்டாக்குவார்கள். மேசைமேல் வைத்தால் நிமிர்ந்து நிற்கும். சுமை கூடுதலாகவும் நேராகவும் வரும் இடங்களில் வழக்கமாகக் கேட்கப்படுவது இதுவே.

இந்த நான்குக்கும் வெளியே சில உண்டு. கடைசிச் சுற்றின் விட்டம் சுருங்கி உள்ளே வளையும் பன்றிவால் முனை கார்களில் பயன்படுகிறது. கம்பியின் நுனியையே பழுக்கக் காய்ச்சித் தட்டையாக்கிவிட்டுச் சுற்றும் முனை ரயில் ஸ்பிரிங்குகளில் வருகிறது. ஓர் ஊசியையோ தண்டையோ கவ்விக்கொள்ளும்படி கடைசிச் சுற்றை மட்டும் இறுக்கிச் சுற்றுவதும் உண்டு. இவை எல்லாமே அந்த நான்கின் கிளைகள்தான்.

முனை மாறினால் கணக்கு மாறும்

ஒரு ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பாக இருக்கும் என்பதற்கான சூத்திரம் எளிது. கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கோடு விறைப்பு ஏறும். சுருளின் சராசரி விட்டத்தின் மூன்றாம் அடுக்கோடு இறங்கும். வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை கூடினாலும் இறங்கும். இதில் பலர் கவனிக்காமல் விடும் சொற்கள் 'வேலை செய்யும்' என்பவை. கையில் எண்ணுவது மொத்தச் சுற்று. சூத்திரம் கேட்பது அதுவல்ல.

திறந்த முனையில் மொத்தச் சுற்று அனைத்தும் வேலை செய்வதாகக் கொள்வார்கள். திறந்து சாணை பிடித்ததில் ஒரு சுற்றைக் கழிக்க வேண்டும். மூடிய முனையில், சாணை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், முனைக்கு ஒன்றாக இரண்டு சுற்று கழியும். ஏனென்றால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும் சுற்று முறுகுவதில்லை. அது வெறும் தாங்கு தளமாகிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எஃகுக் கம்பி 2 மி.மீ., சராசரி விட்டம் 16 மி.மீ., மொத்தம் 10 சுற்று. எஃகின் முறுக்கு மீள்மையைச் சதுர மி.மீ.க்கு 79,000 நியூட்டன் என்று கொள்வோம். திறந்த முனை என்றால் 1 மி.மீ. அமுக்க சுமார் 3.86 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 390 கிராம் எடை வேண்டும். திறந்து சாணை பிடித்தது என்றால் 4.29 நியூட்டன். மூடிய முனை என்றால் 4.82 நியூட்டன், ஏறக்குறைய 490 கிராம். கம்பி அதுவே, விட்டம் அதுவே, கையில் எண்ணும் சுற்றும் அதுவே. முனையை மாற்றியதால் மட்டும் விறைப்பு கால் பங்கு ஏறிவிட்டது. சுற்றை எண்ணி அதே மாதிரி செய்து வாங்கியும் பழையதைப்போல வேலை செய்யவில்லை என்ற குறை எழுந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

முழுவதும் அமுக்கி எல்லாச் சுற்றும் ஒன்றோடொன்று முட்டும்போது மிஞ்சும் நீளத்தையும் முனைதான் தீர்மானிக்கிறது. மேலே சொன்ன 10 சுற்று ஸ்பிரிங்கில், சாணை பிடித்த இரண்டு வகைக்கும் அது 20 மி.மீ. சாணை பிடிக்காத இரண்டு வகைக்கும் 22 மி.மீ. வேறுபாடு ஒரு கம்பிக் கனம். பெரிய இயந்திரத்தில் இது பொருட்டாகாது. ஆனால் சின்ன வால்விலோ மின் சுவிட்சிலோ 2 மி.மீ. இடம் குறைந்தால் சுற்றுகள் முட்டிக்கொள்ளும். பாகம் தன் முழுத் தூரத்துக்கு நகராமலே நின்றுவிடும்.

இந்தக் கழித்தல் எண்கள் எல்லாம் வரைபலகைக்கான எண்கள். உண்மையில் மூடிய சுற்று எந்த இடத்தில் முந்தையதை விட்டுப் பிரிகிறதோ, அதுவரைதான் செத்த சுற்று. அமுக்க அமுக்க, பிரிந்த இடத்துக்கு அடுத்த பகுதியும் மெல்லப் படியும். வேலை செய்யும் சுற்று சிறிது குறையும். விறைப்பு சிறிது ஏறும். அதனால்தான் நல்ல வரைபடங்கள் சுற்று எண்ணிக்கையோடு நிற்பதில்லை. இந்த உயரத்தில் இத்தனை சுமை என்று இரண்டு இடத்தில் குறித்துவிடுகின்றன.

சாணை என்ன தருகிறது, என்ன எடுக்கிறது

சாணை பிடிக்காத ஸ்பிரிங்கைத் தட்டையான தளத்தில் வைத்தால், வெட்டு நுனியின் மேடுதான் முதலில் தொடும். ஒரு கால் நீண்ட முக்காலியைப்போல அது ஒரு பக்கமாகச் சாயும். சுமை ஸ்பிரிங்கின் நடுக்கோட்டில் இறங்காமல் ஓரமாக இறங்கும். அப்போது ஒரு பக்கத்துக் கம்பியில் முறுக்கழுத்தம் கூடும். கூடிய பக்கம் முதலில் களைத்துப் போகும். வழிகாட்டும் தண்டின் மேலோ குழியின் சுவர்மேலோ உடம்பு உராயவும் செய்யும். உராய்ந்த இடத்தில் கம்பி தேயும், தேய்ந்த இடத்தில் விரிசல் பிறக்கும்.

சாணை இந்தச் சாய்வைப் பெருமளவு போக்குகிறது. நல்ல வேலையில் முனைச் சுற்றின் முக்கால் வட்டமாவது, அதாவது 270 பாகையாவது, தளத்தோடு படிய வேண்டும் என்று கேட்பார்கள். நிமிர்ந்து நிற்கும்போது சாய்வு 3 பாகைக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலான எதிர்பார்ப்பு. சுமை முழுக்க முழுக்க நடுக்கோட்டுக்கு வந்துவிடாது. சுருள் என்ற வடிவமே சிறிது ஓரப்போக்கு உடையது. ஆனால் பெரும்பாலான வேலைக்கு அது போதும்.

விலையும் உண்டு. தேய்க்கத் தேய்க்கக் கம்பியின் நுனி மெலிகிறது. கம்பிக் கனத்தில் கால் பங்காவது நுனியில் மிஞ்ச வேண்டும். அதற்கும் கீழே போனால் நுனி சூட்டில் கருகி, பதம் இழந்து, பிறகு முறிந்து விழும். முறிந்த துண்டு எஞ்சினுக்குள்ளோ வால்வுக்குள்ளோ போனால் சேதம் ஸ்பிரிங்கோடு நிற்காது. தேய்த்த ஓரத்தில் நிற்கும் பிசிறுகளையும் தனியே எடுக்க வேண்டும். கம்பி 1 மி.மீ.க்கும் குறைவாக இருந்தால் சாணை பிடிப்பதைப் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். அவ்வளவு மெல்லிய கம்பியில் மேடும் சிறியது, அதைத் தேய்ப்பதால் வரும் பலனும் சிறியது. விட்டம் பெரிதாகவும் கம்பி மெல்லியதாகவும் உள்ள தளர்ந்த சுருளும் சாணைக் கல்லின் அழுத்தத்துக்கு நின்று கொடுக்காமல் ஆடும்.

'நல்ல ஸ்பிரிங் என்றால் சாணை பிடித்த ஸ்பிரிங்' என்ற எண்ணம் ஆகவே பாதிதான் சரி. ஸ்பிரிங் உட்காரும் இருக்கை தட்டையாக இருந்தால்தான் தட்டையான முனைக்கு அர்த்தம் உண்டு. இருக்கையே முனையின் வடிவத்துக்கு ஏற்ப வார்க்கப்பட்டிருந்தால், சாணை வீண் செலவு. சில இடங்களில் கெடுதலும்கூட.

நீண்ட ஸ்பிரிங் வளையும் இடம்

மெலிந்து நீண்ட ஸ்பிரிங்கை அமுக்கினால் நேராகக் குறுகாமல் பக்கவாட்டில் பிதுங்கி வளைந்துவிடும். எவ்வளவு நீளத்தில் இது நேரும் என்பதையும் முனைகள் உட்காரும் விதம்தான் முடிவு செய்கிறது. இரு முனையும் இணையான தட்டைத் தளங்களில் அசையாமல் பதிந்திருந்தால், எஃகு ஸ்பிரிங்கின் இயல்பு நீளம் சராசரி விட்டத்தைப்போல சுமார் 5.26 மடங்கு வரை இருக்கலாம். ஒரு முனை பதிந்து மறுமுனை திரும்பக்கூடியதாக இருந்தால் எல்லை சுமார் 3.7 மடங்கு. இரு முனையும் திரும்பக்கூடியவை என்றால் 2.63 மடங்கு.

நம் 16 மி.மீ. ஸ்பிரிங்குக்கு இதைப் பொருத்தினால் முறையே ஏறக்குறைய 84, 60, 42 மி.மீ. நன்றாகப் பதியும் முனை, பதியாத முனையைவிட இரண்டு மடங்கு நீளத்தைத் தாங்குகிறது. மூடிச் சாணை பிடித்த முனை தட்டைத் தளத்தில் இருந்தால் முதல் நிலையை நெருங்கும். நுனி மேட்டில் நிற்கும் திறந்த முனையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. எல்லையைத் தாண்டியே ஆக வேண்டுமென்றால் நடுவே தண்டு கொடுக்க வேண்டும், அல்லது சுற்றிலும் குழல் கொடுக்க வேண்டும். அமுங்கும்போது சுருளின் வெளி விட்டம் சிறிது பெருகும். குழலுக்குள் அதற்கும் இடம் விட்டாக வேண்டும்.

காஞ்சியின் தறியில்

ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் பிரான்சின் லியோன் நகரில் உருவாக்கிய பொறியின் சாரம், துளையிட்ட அட்டை எந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும் என்று சொல்லுவதுதான். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழைகிறது. அதோடு இணைந்த கொக்கி அதன் இடத்திலேயே நிற்கிறது. மேலெழும் 'கத்தி' என்ற பட்டை அதைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கொக்கி கத்தியிலிருந்து விலகுகிறது. அந்த இழை எழாமல் கீழேயே நிற்கிறது. அட்டை விலகியதும் ஊசியைத் திருப்பி அனுப்புவது ஸ்பிரிங் பெட்டியில் உள்ள ஸ்பிரிங். கொக்கிகளின் எண்ணிக்கையை வைத்து 120, 240 என்று பெட்டிகளைச் சொல்லுவார்கள். சாதாரண ஒற்றைத் தூக்குப் பெட்டியில் கொக்கிக்கு ஓர் ஊசி, ஊசிக்கு ஒரு ஸ்பிரிங்.

இந்த ஸ்பிரிங்குக்கு எந்த முனை? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அது ஒரு துளைக்குள் இருக்கிறது. சுற்றிலும் சுவர் தாங்குகிறது. ஆகவே வளைந்து பிதுங்கும் பயம் இல்லை. கம்பி மிக மெல்லியது. சாணைக்கு இடமே இல்லை. சுமை மிகச் சிறிது. ஓரமாக இறங்கினாலும் கம்பி களைக்காது. ஆனால் முனையில் வந்து அழுத்துவது தட்டையான தளம் அல்ல, ஊசியின் மெல்லிய பின்நுனி. முனை திறந்திருந்தால் அந்த நுனி சுற்றுகளின் இடைவெளியில் புகுந்து சிக்க இடம் உண்டு. அதோடு, நூற்றுக்கணக்கில் கொட்டி வைத்த திறந்த முனை ஸ்பிரிங்குகள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும்; பிரிக்கும்போது இழுபட்டு நீளம் மாறிவிடும். எனவே மூடிய, சாணை பிடிக்காத முனையே இங்கே பொருத்தம். மிக மலிவானதும் இல்லை, மிக உயர்ந்ததும் இல்லை. இந்த இருக்கை கேட்பது அது.

விறைப்பையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வகை ஸ்பிரிங்குகளைப் பித்தளைக் கம்பியில் செய்யும் வழக்கம் உண்டு. பித்தளையின் முறுக்கு மீள்மை எஃகில் ஏறக்குறைய பாதி. அதே அளவில் எஃகுக் கம்பியைப் போட்டால் விறைப்பு இரட்டிப்பாகும். கம்பி மாறாமல் முனை மட்டும் மாறினாலும், மேலே பார்த்தபடி, விறைப்பு கால் பங்கு வரை ஏறலாம். ஒரு ஸ்பிரிங்கில் இது அற்பம். 240 ஊசியில் பெரும்பாலானவற்றை ஒரே அட்டை ஒரே நேரத்தில் தள்ளும்போது அற்பம் இல்லை. அட்டையின் துளையோரம் சீக்கிரம் நைந்துபோகும். அந்தக் கூடுதல் வேலை கடைசியில் மிதியை அழுத்தும் நெசவாளரின் காலிலிருந்தே வர வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ, ஊசி முழுதாகத் திரும்பாது. எழ வேண்டிய இழை எழாது. பூவின் நடுவே ஒரு கோடு விழும். பட்டும் சரிகையும் போட்டு நெய்யும் சேலையில் அந்தக் கோட்டை மறைக்க வழியில்லை. 240-ல் சில ஸ்பிரிங் மட்டும் புதிதாக மாற்றும்போது பழையவற்றின் முனை, கம்பி, சுற்று மூன்றையும் ஒப்பிட்டே மாற்ற வேண்டும்.

ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும்

இருங்காட்டுக்கோட்டையில் செய்த, இந்தியாவில் தன் முதல் காரான சான்ட்ரோவை ஹூண்டாய் 1998-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் மோட்டார் ஆலைகள் வந்தன. ராயல் என்ஃபீல்டின் ஆலைகளும் இங்கே உள்ளன. வாகனங்களுக்குள்ளேயே முனைத் தேர்வு எப்படி எதிரெதிர் திசையில் போகிறது என்பதை இந்தப் பகுதியின் உற்பத்தியே காட்டும்.

எஞ்சின் வால்வு ஸ்பிரிங்கை முதலில் எடுப்போம். நான்கு வீச்சு எஞ்சினில் வால்வு இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை திறக்கிறது. ராயல் என்ஃபீல்டின் 349 சி.சி. ஜே வரிசை எஞ்சின் தன் முழுத் திறனைத் தரும் 6,100 சுழற்சியில், ஒவ்வொரு வால்வு ஸ்பிரிங்கும் நிமிடத்துக்கு 3,050 முறை அமுங்கி விரிகிறது. ஒரு பக்கமாகச் சாயும் ஸ்பிரிங் இங்கே வால்வுத் தண்டையும் ஒரு பக்கமாகத் தள்ளும். அதன் வழிகாட்டிக் குழல் தேயும். ஆகவே வால்வு ஸ்பிரிங்குக்கு மூடிச் சாணை பிடித்த முனை தவிர வேறு வழி இல்லை. சாணைக்குப் பிறகு ஓரங்களின் பிசிறை நீக்கி, நுண் எஃகுக் குண்டுகளால் அடித்து மேற்பரப்பை உறுதியாக்குவது வழக்கம். இங்கே இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல வால்வு ஸ்பிரிங்குகளில் ஒரு முனைப் பக்கம் சுற்றுகள் நெருக்கமாகவும் மறுபக்கம் தள்ளியும் இருக்கும். நெருக்கமான பக்கம் அசையாத சிலிண்டர் தலையில் உட்கார வேண்டும். அப்போதுதான் வால்வோடு ஓடும் எடை குறையும். தலைகீழாக மாட்டினால் ஸ்பிரிங் பொருந்தத்தான் செய்யும், ஆனால் அதிவேகத்தில் அதன் ஒழுங்கு கெடும். இரு முனையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை.

காரின் சக்கரத்துக்கு வந்தால் நிலைமை தலைகீழ். ஸ்பிரிங்கும் டேம்பர் எனப்படும் அதிர்வடக்கியும் ஒன்றாக இணைந்த மெக்ஃபர்சன் ஸ்டிரட் கொண்ட முன் சக்கரத்தில் ஸ்பிரிங் உட்காருவது தட்டைத் தளத்தில் அல்ல. சுருளின் ஏற்றத்துக்குத் தக்கபடி அழுத்தி வடித்த தட்டில், இடையே ரப்பர் மெத்தையோடு, கம்பி நுனி ஒரு படியில் முட்டும்படி உட்காருகிறது. இருக்கையே முனையின் வடிவத்தை ஏற்றுக்கொண்டுவிட்டதால் சாணை தேவையில்லை, மூடவும் தேவையில்லை. சில வண்டிகளில் முனைச் சுற்றின் விட்டத்தைச் சுருக்கிப் பன்றிவாலாக முடிப்பார்கள். அமுங்கும்போது சுற்றின்மேல் சுற்று மோதும் ஓசையும் தேய்மானமும் அதனால் குறையும். வால்வில் நாம் ஒழிக்கப் பார்த்த ஓரச் சுமை இங்கே வேண்டுமென்றே வைக்கப்படுகிறது. ஸ்டிரட்டுக்கு இயல்பாக ஒரு வளைவு விசை உண்டு. ஸ்பிரிங்கைச் சாய்த்து வைத்து எதிர்விசை கொடுத்தால் டேம்பரின் தண்டு குறைந்த உராய்வோடு ஓடும்.

இந்த ஸ்பிரிங் உடைவதும் பெரும்பாலும் முனைக்கு அருகில்தான். கீழ்த் தட்டில் மண்ணும் ஈரமும் தங்கும். கடைசிச் சுற்றும் இருக்கையும் உராயும் இடத்தில் பெயின்ட் உரிந்து துரு குழி விழும். அந்தக் குழியிலிருந்து விரிசல் ஓடும். பழைய ஸ்டிரட்டைப் பிரிக்கும் மெக்கானிக் முதலில் கீழ்முனையைத் துடைத்துப் பார்ப்பது அதனால்தான். புதிய ஸ்பிரிங்கை மாட்டும்போது நுனி படியில் சரியாக முட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முட்டவில்லை என்றால் சுற்று அந்த இருக்கைக்கே பொருந்தாது.

ரயிலின் அடியில்

சென்னை பெரம்பூரின் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்துத் தொழில்நுட்பத்தோடு பிறந்த அதன் பெட்டி வடிவம் பல பத்தாண்டுகள் இந்திய ரயில்களைத் தாங்கியது. 2018 ஜனவரியில் அந்தப் பழைய வடிவத்தின் உற்பத்தி நின்று, எல்.எச்.பி. என்னும் புதிய பெட்டி வடிவம் அதன் இடத்தைப் பிடித்தது.

பழைய ஐ.சி.எஃப். பெட்டியின் அச்சுப்பெட்டி ஸ்பிரிங் 33.5 மி.மீ. தடித்த கம்பியால் ஆனது. அதன் நடுவே வழிகாட்டி உருளை ஏறி இறங்குகிறது. ஸ்பிரிங் சிறிது சாய்ந்தாலும் அது உருளையில் உராயும். ஆகவே முனை மூடி, தட்டையாகச் சாணை பிடித்தே ஆக வேண்டும். ஆனால் 33.5 மி.மீ. கம்பியின் முக்கால் வட்டத்தைச் சாணையால் மட்டும் தட்டையாக்கப் போனால் எவ்வளவு எஃகு தூளாகும்! அதனால் கம்பியின் இரு நுனியையும் பழுக்கக் காய்ச்சி, சுற்றுவதற்கு முன்பே சரிவாகத் தட்டையாக்குகிறார்கள். பிறகு சூட்டிலேயே சுற்றி, எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றுகிறார்கள். சாணையின் வேலை கடைசி மட்டமாக்கல் மட்டும். முனையின் முடிவு சுற்றும் வேலை தொடங்கும் முன்பே எடுக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

முனையைச் சரியாகச் செய்த பிறகும் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. அதனால் குறித்த சோதனைச் சுமையின் கீழ் உயரத்தை அளந்து, மூன்று குழுவாகப் பிரித்து, மஞ்சள், நீலம், பச்சை வண்ணம் பூசுகிறார்கள். ஒரு போகியில், அதாவது பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டகத்தில், ஒரே குழுவைச் சேர்ந்தவற்றையே போட வேண்டும். இல்லையெனில் சுமை நான்கு மூலையிலும் சமமாகப் பங்கிடப்படாது.

எல்.எச்.பி. பெட்டியின் போகியில் ஒரு ஸ்பிரிங்குக்குள் இன்னொரு ஸ்பிரிங் இருக்கிறது. இவ்வாறு கூட்டாக வைக்கும்போது உள்ளே இருப்பதை வலம் சுற்றினால் வெளியே இருப்பதை இடம் சுற்றுவார்கள். சுற்றுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க அது வழி. போகிக்கும் பெட்டிக்கும் இடையே மேல் அடுக்கில் உள்ள ஸ்பிரிங்குகள் வளைவில் பக்கவாட்டிலும் அசைந்து கொடுக்க வேண்டும். கீழும் மேலும் உறுதியாகப் பதிந்த முனை இல்லாமல் அந்த அசைவு கட்டுக்குள் இருக்காது. முனை இங்கே சுமையை மட்டுமல்ல, பெட்டியின் பக்கவாட்டு ஓட்டத்தையும் பிடித்து வைக்கிறது.

செலவும் சிக்கலும்

செலவை ஒதுக்கிவிட்டு இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. மூடிய முனையைச் சுருட்டும் இயந்திரம் ஒரே ஓட்டத்தில் செய்துவிடும். திறந்த முனையைவிட அதற்குச் சிறிதளவே கூடுதல். சாணை தனி வேலை. தனி இயந்திரம், தனி நேரம், தூசி, சூடு, பிறகு பிசிறு நீக்கல். மலிவான சிறு ஸ்பிரிங்கில் சாணைச் செலவே சுருட்டும் செலவை எட்டிவிடலாம். 1958-ல் தொடங்கிய கிண்டித் தொழிற்பேட்டை, 1964-ல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் சிறு ஆர்டர் கொடுப்பவர், சாணை வேண்டுமா என்று பட்டறை கேட்டால், இருக்கை எப்படி என்று முதலில் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வது நல்லது.

செலவைச் சாணையில் மட்டும் தேடக் கூடாது. திறந்த முனையில் மிச்சப்படுத்திய பணம், மாட்டிக்கொண்ட ஸ்பிரிங்குகளைப் பிரிப்பதில் போய்விடும். தானியங்கியில் ஊட்டுபவர்களுக்கு இது பெரிய தொல்லை. அதற்கு எளிய வழி முனைச் சுற்றை மூடுவது. முனைக்கு ஒன்றுக்கு மேல் சுற்றுகளை மூடினால் இன்னும் நல்லது. கூடுதலாகச் செத்த சுற்றைச் சேர்ப்பதால் விறைப்பு மாறாது, முழு நெருக்க நீளம் மட்டும் கூடும்.

தேர்வுக்கான வரிசை

மேலே பார்த்தவற்றைத் தொகுத்தால் ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் இருக்கையைப் பார்க்க வேண்டும். தட்டையா, வடிவம் வார்த்ததா, குழியா, தண்டா? வடிவம் வார்த்த இருக்கை என்றால் திறந்த முனையோ பன்றிவாலோ போதும். அளவு துல்லியமாக இருந்தால் சரி. தட்டை என்றால் மூடிய முனையிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது, சாய்வைப் பொறுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். உராயும் தண்டு உள்ளே இருக்கிறதா, அளவுக் கருவியா, வேகமாகத் திரும்பத் திரும்ப வரும் சுமையா, மடங்குக் கணக்கில் நீளம் எல்லையை நெருங்குகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் சாணை வேண்டும். நான்குக்கும் இல்லை என்றால் சாணையை விட்டுவிடலாம்.

மூன்றாவது, கம்பியின் கனத்தைப் பார்க்க வேண்டும். 1 மி.மீ.க்குக் கீழே சாணையைத் தவிர்க்கும் வழியை முதலில் தேட வேண்டும். நடுத்தரக் கம்பிக்குச் சாணை இயல்பு. மிகத் தடித்த கம்பிக்கு நுனியை முன்பே தட்டையாக்க வேண்டும்.

நான்காவது, முடிவு செய்ததை எழுத வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தில் அமுக்கு ஸ்பிரிங்குகளுக்கான ஐ.எஸ். 7906 தொடர் உண்டு; வடிவமைப்புக் கணக்கும், குளிர்நிலையிலும் சூட்டிலும் சுற்றியவற்றுக்கான விதிகளும் அதில் தனித்தனிப் பகுதிகளாக உள்ளன. அதைத் தொட்டு எழுதினால் பட்டறைக்கும் வாங்குபவருக்கும் பேச்சு ஒன்றாகும். முனை வகை, சாணை படிய வேண்டிய வட்டம், மொத்தச் சுற்று, வேலை செய்யும் சுற்று, சுற்றும் திசை, இரண்டு உயரத்தில் சுமை, சாய்வின் எல்லை ஆகிய ஏழும் கம்பி, விட்ட அளவுகளோடு சேர்ந்து இருந்தால் போதும். இயல்பு நீளத்தை வழிகாட்டியாக மட்டும் குறித்தால் பட்டறை அதைச் சிறிது மாற்றிச் சுமையைச் சரிசெய்ய இடம் கிடைக்கும். மாதிரிக்குப் பழையதை மட்டும் நீட்டினால், தேய்ந்த முனையையும் தளர்ந்த உடம்பையும் சேர்த்தே நகல் எடுக்கச் சொல்லுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

ஊசியைத் திருப்பும் பித்தளை ஸ்பிரிங்குக்குச் சாணை கேட்பவரும், ரயில் ஸ்பிரிங்கின் முனையைச் சுற்றிய பிறகு யோசிப்பவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். இருவரும் ஸ்பிரிங்கை அதன் இருக்கையிலிருந்து பிரித்துப் பார்க்கிறார்கள். எந்த முனை உயர்ந்தது என்று கேட்டால் விடை இல்லை. இந்த இடத்தில், இந்தச் சுமைக்கு, இந்தக் கம்பிக்கு எது போதும் என்று கேட்டால் விடை ஒன்றுதான் வரும். அந்தக் கேள்வியை ஆர்டர் கொடுக்கும் காகிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிட்டால், உடைந்தபின் காரணம் தேட வேண்டிய வேலை பெருமளவு குறையும்.